வெள்ளகெவி முதல் பொருந்தல் வரை: பழனிமலை வழிகளும் கொடைக்கானலின் முன்வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

கொடைக்கானலின் வரலாறு பெரும்பாலும் 1821-ஆம் ஆண்டின் நில அளவைப் பயணத்திலிருந்தோ, 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் எழுப்பிய முதல் வீடுகளிலிருந்தோ தொடங்கி எழுதப்படுகின்றது. அதற்கு முற்பட்ட சான்றுகள் தொல்லியல், சங்க இலக்கியம், கல்வெட்டியல், இனவரைவியல் எனத் தனித்தனித் துறைகளுக்குள் பிரிந்து கிடக்கின்றன. வடக்கு அடிவாரத்தின் பொருந்தலும் ஐவர்மலையும், கீழ்மலையின் கல்திட்டைகளும், மேல்மலையின் ஊர்களும், தெற்குச் சரிவின் வெள்ளகெவியும் ஒரே நடைவழிப் பரப்பின் உறுப்புகள் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. பழனிமலை, இரு ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு இடையே அமைந்த கடவையாகவும் வாழிடமாகவும் இருந்தது. கொடைக்கானல் அதன்மேல் அமைந்த அண்மைக்கால அடுக்கு என்பதே இதன் முடிபு.

திறவுச் சொற்கள்: பழனிமலை, கொடைக்கானல், பொதினி, பொருந்தல், தாண்டிக்குடி, கல்திட்டை, வெள்ளகெவி, மலைவழிகள்.

முன்னுரை

1821-ஆம் ஆண்டு மே மாதத்தில் நில அளவையாளர் லெப்டினன்ட் பி.எஸ். வார்டு இன்றைய கொடைக்கானல் அமைந்துள்ள மேட்டுநிலத்தை அடைந்தார். பழனிமலையின் உச்சிப் பரப்பில் கால்பதித்த முதல் ஐரோப்பியராக அவரைக் குறிப்பது வழக்கம். கொடைக்கானலைப் பற்றிய நூல்களும் சுற்றுலாக் கையேடுகளும் இந்நிகழ்ச்சியை நகர வரலாற்றின் முதல் வரியாக வைக்கின்றன. ஆனால் அதே செய்தியின் மற்றொரு பகுதி போதிய கவனம் பெறுவதில்லை. வார்டு மேலேறியது தெற்குச் சரிவில் இருந்த வெள்ளகெவி என்னும் குன்னுவர் ஊரிலிருந்து ஆகும்.

எனவே, 'கண்டறியப்பட்ட' மலையில் அதற்கு முன்னரே ஊர் இருந்தது. ஊரிலிருந்து மேட்டுநிலத்திற்கு வழி இருந்தது. அவ்வழியை அறிந்த மக்கள் இருந்தனர். கொடைக்கானலின் தொடக்கமாகக் கருதப்படும் நிகழ்ச்சியே அதற்கு முற்பட்ட ஒரு வரலாற்றிற்குச் சான்றாக நிற்கின்றது. அம்முன்வரலாற்றின் தடங்கள் எவை, அவை ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புறுகின்றன என்னும் இரு வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகின்றது.

1. மலையின் அமைப்பும் வழிகளும்

பழனிமலை, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரிந்து நீளும் ஒரு கிளையாகும். மேற்கே ஆனைமலையோடும் மூணாறு மேட்டுநிலத்தோடும் இணைந்து, கிழக்கே திண்டுக்கல் சமவெளியை நோக்கித் தாழ்கின்றது. மக்கள் வழக்கில் இது இரு பகுதிகளாகப் பகுக்கப்படுகின்றது. ஏறத்தாழ 1,000 முதல் 1,500 மீட்டர் வரையிலான கிழக்குப் பகுதி கீழ்மலை எனப்படும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, பாச்சலூர், ஆடலூர், பன்றிமலை முதலிய ஊர்கள் இதில் அடங்கும். அதற்கு மேற்கே உயர்ந்துள்ள பகுதி மேல்மலை எனப்படும். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை ஆகியன இதன் ஊர்கள்.

இம்மலையின் நீர்ப்போக்கு வரலாற்று நோக்கில் முதன்மையானது. வடசரிவில் பிறக்கும் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி முதலியன சண்முகநதியாகி அமராவதியின் வழியே காவிரியை அடைகின்றன. தென்சரிவில் பிறக்கும் வராகநதி, மஞ்சளாறு, மருதாநதி ஆகியன வையையைச் சேர்கின்றன. வடக்கே கொங்குநாடும் தெற்கே பாண்டிநாடும் விரிய, பழனிமலையின் முகடு அவ்விரு நாடுகளின் நீர்ப்பிரிமேடாக அமைந்துள்ளது.

அடிவாரத்தைச் சுற்றிச் செல்லும் சமவெளிப் பாதை நெடியது. மலையை ஊடறுத்துச் செல்லும் நடைவழி குறுகியது. ஓடைகளின் கரையைப் பற்றி ஏறி, முகட்டின் தாழ்ந்த இடங்களில் கடந்து, மறுபுறம் இறங்கும் வழிகளே மலையூர்களைச் சமவெளிச் சந்தைகளோடு இணைத்தன. பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் ஒற்றையடிப்பாதை இவ்வகைக்கு இன்றும் எஞ்சியுள்ள சான்றாகும். இவ்வழியமைப்பை மனத்தில் கொண்டு நோக்கினால், தொடர்பற்றவையாகத் தோன்றும் வரலாற்றுத் தடங்கள் ஓர் ஒழுங்கில் அமைவதைக் காணலாம்.

2. வடக்கு அடிவாரம்: பொதினி, பொருந்தல், ஐவர்மலை

பழனி, சங்க இலக்கியத்தில் பொதினி என்னும் பெயரால் சுட்டப்படுகின்றது. ஆவியர் குடியின் தலைவனான வேள் ஆவியோடு இவ்வூர் தொடர்புபடுத்தப்பெறுகின்றது. அக்குடியில் தோன்றிய வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தவனாகச் சங்கப் பாடல்களிலும் பின்வந்த மரபிலும் போற்றப்படுகின்றான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோர் அவனைப் பாடியுள்ளனர். சேர அரசர் வேளாவிக் கோமான் குடியில் மணவுறவு கொண்டதைப் பதிற்றுப்பத்தின் பதிகங்கள் தெரிவிக்கின்றன. மலையடிவாரத்து வேளிர் குடி ஒன்றோடு மூவேந்தருள் ஒருவர் மணவுறவு நாடியமைக்கு, மலைபடு பொருளும் மலைவழியும் அக்குடியின் ஆட்சியில் இருந்தமை ஒரு காரணமாக இருத்தல் கூடும்.

அகநானூற்றின் முதற்பாடல் இங்குத் தனித்து நோக்கத்தக்கது. மாமூலனார் பாடிய அப்பாடலில், பொதினியைச் சார்ந்த காரோடன் அரக்கோடு சேர்த்துச் செய்யும் கல், பிரியாமைக்கு உவமையாகின்றது. சாணைக்கல் செய்யும் தொழிலாளியைக் காரோடன் என்னும் சொல் குறிக்கும். காதலர் பிரியாமைக்குப் புலவர் தேர்ந்த உவமை, பொதினியில் கைவினைத் தொழில் ஒன்று பெயர்பெற்று விளங்கியதைக் காட்டுகின்றது.

இவ்விலக்கியச் செய்தியோடு ஒப்பிடத்தக்க தொல்லியல் சான்று பழனிக்குத் தென்மேற்கே 12 கி.மீ. தொலைவில் பொருந்தலாற்றங்கரையில் உள்ள பொருந்தலில் கிடைத்துள்ளது. சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் ஊராக இது கருதப்படுகின்றது. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் இங்கு அகழாய்வு நடைபெற்றது. பாசிமேடு என மக்கள் வழங்கும் வாழ்விட மேட்டில் கண்ணாடி மணி உருவாக்கிய உலையின் எச்சமும் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. ஈமக்குழி ஒன்றில் நான்குகால் சாடியில் இட்ட நெல்லும், 'வயர' எனத் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்ட பிரிமனையும், சூதுபவளம் உள்ளிட்ட பல்லாயிரம் கல்மணிகளும் கிடைத்தன. நெல்மாதிரிகளின் கரிமக் கணிப்பு கி.மு. 490, கி.மு. 450 என்னும் காலங்களைத் தந்தது. தமிழ்ப் பிராமியின் தொடக்கக் காலத்தை இக்கணிப்பைக் கொண்டு உறுதி செய்யலாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் மணித்தொழில், நெல், எழுத்து ஆகிய மூன்றும் பழனிமலையின் அடிவாரத்தில் ஒருங்கே கிடைத்தமை, இவ்விடம் தொலைதூரத் தொடர்புகள் கொண்டிருந்ததை உணர்த்துகின்றது. ஊர்ப்பெயர் 'பாசிமேடு' என நிலைத்திருப்பதும் கருதத்தக்கது. அகழாய்வு உறுதிப்படுத்திய செய்தியை மக்கள் வழக்கு முன்னரே காத்து வைத்திருந்தது.

பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலை இப்பரப்பின் இடைக்காலச் சான்றாகும். இங்குள்ள இயற்கைக் குகைத்தளத்தின் முகப்பில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பாண்டியன் இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டும் சக ஆண்டு 792-உம் ஒன்றாகக் குறிக்கப்பட்ட கல்வெட்டு இங்கு உள்ளது. சக ஆண்டு 792 என்பது கி.பி. 870 ஆகும். இதனால் வரகுணன் கி.பி. 862-இல் அரியணை ஏறினான் என்பது துணியப்பட்டது. முற்காலப் பாண்டியர் காலநிரலை வரையறுக்கும் அடிப்படைச் சான்றுகளுள் ஒன்று பழனிமலையின் நிழலில் உள்ள ஒரு குன்றில் அமைந்திருப்பதைக் கொடைக்கானல் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் குறிப்பதில்லை.

3. கீழ்மலைக் கல்திட்டைகள்

வடக்கு அடிவாரத்திலிருந்து மலைமேல் ஏறினால் எதிர்ப்படும் தொன்மையான கட்டுமானங்கள் கல்திட்டைகள் ஆகும். பலகைக் கற்களைச் சுவர்போல் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றி, சாந்து இன்றி அமைக்கப்பட்ட இவற்றை முதன்முதலில் விரிவாக ஆவணப்படுத்தியவர்கள் செண்பகனூர் இயேசு சபைத் துறவி அ. ஆங்லாட் அடிகளாரும் எல்.வி. நியூட்டனும் ஆவர். அவர்தம் ஆய்வு இந்தியத் தொல்லியல் துறையின் 36-ஆம் ஆய்வுநூலாக 1928-இல் வெளிவந்தது. பழனிமலைக் கல்திட்டைகளைப் பற்றிய எந்த ஆய்வும் அந்நூலிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

இக்கல்திட்டைகளின் அமைவிடம் மூன்று செய்திகளைத் தருகின்றது. முதலாவது, இவை மிக உயர்ந்த மேட்டுநிலத்தைவிடக் கீழ்மலையிலும் அதனை ஒட்டிய நடுத்தர உயரங்களிலும் மிகுதியாக உள்ளன. தாண்டிக்குடி, பெரும்பாறை, பேத்துப்பாறை முதலிய இடங்கள் இதற்குச் சான்றாகும். இரண்டாவது, இவற்றுள் பல வெற்றுப் பாறைப் பரப்பின்மீது கூட்டமாக நிற்கின்றன. சில கூட்டங்களைச் சுற்றிக் கல்லடுக்குச் சுவர் எழுப்பப்பட்டுள்ளது. மண்ணுக்குள் அமையும் கல்பதுக்கையிலிருந்து இவை இதனால் வேறுபடுகின்றன. மூன்றாவது, இவை நிற்கும் பாறைகள் பெரும்பாலும் பள்ளத்தாக்கை நோக்கிய திறந்த விளிம்புகளாகும். அங்கிருந்து கீழே செல்லும் வழிகளைக் காண முடியும். வழியில் வருவோரும் அவற்றைக் காண முடியும்.

தாண்டிக்குடியில் கா. ராஜன் தலைமையில் நிகழ்ந்த அகழாய்வு இப்பகுதியின் ஈமச் சின்னங்களை அறிவியல் முறையில் ஆராய்ந்தது. கல்திட்டையோடு கல்பதுக்கை, தாழி முதலிய பிற ஈம வகைகளும் ஒரே ஊர்ப்பரப்பில் காணப்படுவது, மலைமேல் வாழ்ந்தோர் சமவெளிப் பண்பாட்டிலிருந்து விலகி நின்றவர் அல்லர் என்பதைக் காட்டுகின்றது. மலையில் விளையும் மிளகு, ஏலம் போன்ற பொருள்கள் இத்தொடர்பிற்கு அடிப்படையாக இருந்திருத்தல் கூடும்.

காலக்கணிப்பில் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. சுற்றுலாக் கையேடுகள் சில இக்கல்திட்டைகளைக் கி.மு. 5000-ஆம் ஆண்டினவாகக் கூறுகின்றன. இதற்கு அகழாய்வு ஆதாரம் எதுவும் காட்டப்படுவதில்லை. தமிழகத்தில் இரும்பின் தொன்மை அண்மைக்கால ஆய்வுகளால் முன்னோக்கி நகர்ந்துள்ளது உண்மையே. கிருட்டிணகிரி மாவட்ட மயிலாடும்பாறைக் கணிப்பு கி.மு. 2172 எனவும், 2025 சனவரியில் வெளியிடப்பெற்ற சிவகளைக் கணிப்பு கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் பிற்பகுதி எனவும் அமைந்தன. ஆயினும் ஓரிடத்தின் கணிப்பு மற்றோரிடத்தின் கட்டுமானத்திற்குக் காலம் வகுத்துவிடாது. பெருங்கற்கால ஈமமரபு நெடுங்காலம் நீடித்த ஒன்று. பொருந்தல் கல்லறைகள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்தமை, பழனிமலைப் பகுதியில் அம்மரபு வரலாற்றுத் தொடக்கக் காலம் வரை உயிர்ப்புடன் இருந்ததை உறுதிசெய்கின்றது. ஆதாரமற்ற தொன்மை கூறுவது சின்னத்தின் மதிப்பைக் கூட்டாது. அதன் மெய்யான காலத்தை ஆராயும் தேவையையே அது மறைத்துவிடுகின்றது.

தெற்கே வையைப் பள்ளத்தாக்கில் 2006-இல் கண்டறியப்பட்ட புலிமான்கோம்பை நடுகற்கள் இவ்விடத்தில் இணைத்து நோக்கத்தக்கவை. தமிழ்ப் பிராமி எழுத்துடைய அந்நடுகற்களுள் ஒன்று ஆகோள் பூசலில் இறந்த வீரனைக் குறிக்கின்றது. வடக்கே பொருந்தலும் தெற்கே புலிமான்கோம்பையும் எழுத்தறிவுடைய ஊர்களாக விளங்க, இடையே நின்ற மலை ஆளற்ற வெளியாக இருந்தது எனக் கொள்வதற்கு இடமில்லை.

4. மலையூர்களும் மக்களும்

பழனிமலையின் தொல்குடிகளாகப் பளியரும் புலையரும் குறிக்கப்படுகின்றனர். தேன், கிழங்கு, காட்டு விளைபொருள் ஆகியவற்றைச் சார்ந்த வாழ்வினரான பளியர், வழிகளையும் நீர்நிலைகளையும் நுட்பமாக அறிந்தவர்கள். குன்னுவர் எனப்படும் வேளாண் மக்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் கொங்குச் சமவெளியிலிருந்து மலையேறியவர் என்னும் வழக்கை ஜே.எச். நெல்சன் 1868-இலும் டபிள்யூ. பிரான்சிசு 1906-இலும் பதிவு செய்தனர். இவ்வழக்கின் ஒவ்வொரு கூறும் வரலாற்று உண்மையாதல் வேண்டியதில்லை. ஆயினும் மலையின் குடியேற்றம் வடக்கு வழிகளினூடாக நிகழ்ந்தது என்னும் நினைவை அது தாங்கியுள்ளது.

மேல்மலையின் பூம்பாறை இக்குடியேற்றத்தின் வடிவத்தைக் காண உதவும் ஊராகும். சரிவில் நெருங்கி அமைந்த வீடுகள், அவற்றைச் சூழ்ந்த படிக்கட்டு வயல்கள், நடுவே குழந்தை வேலப்பர் கோயில் என ஊர் அமைந்துள்ளது. இக்கோயில் திருவுருவம் போகரால் நவபாடாணத்தில் அமைக்கப்பட்டது என்பது மரபு. பழனித் தண்டாயுதபாணி திருவுருவத்திற்கும் இதே மரபு வழங்குகின்றது. தாண்டிக்குடியில் முருகன் இம்மலையிலிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்தான் என்றும், 'தாண்டிக்குதி' என்பதே ஊர்ப்பெயராயிற்று என்றும் கூறுவர். சொல்லாய்வு நோக்கில் இது மக்கள் சொற்பிறப்பு விளக்கமே. 'குடி' என்னும் ஈறு ஊரைக் குறிப்பதாகக் கொள்வதே பொருந்தும். எனினும் இரு கதைகளும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. மலையூர்கள் தம் புனித வரலாற்றைப் பழனியோடு இணைத்தே சொல்லிக்கொண்டன. வழிபாட்டின் வழியும் வணிகத்தின் வழியும் ஒன்றாகவே இருந்தன.

இவ்விணைப்பு பொருளியலிலும் நிலவியது. பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு உரிய பழமாக மதிக்கப்படுவது விருப்பாட்சி மலைவாழை. கீழ்மலைச் சரிவுகளில் விளைந்த இவ்வாழை முடிக்கொத்து நோயால் பெரும் அழிவுக்கு உள்ளாகிப் பின்னர் மீட்கப்பட்டு வருகின்றது. விருப்பாட்சி மலைவாழை, பழனிப் பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு ஆகிய மூன்றும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. பின்னிரண்டிற்கும் அது 2019-இல் வழங்கப்பட்டது. சட்ட ஏற்பு பெற்ற இம்மூன்று பெயர்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், அடிவாரப் பாளையம், கோயில் நகர், மேல்மலை வயல் ஆகியவற்றை இணைத்த பழைய வழி புலப்படும். விருப்பாட்சி, தென்னிந்தியப் பாளையக்காரர் எதிர்ப்பில் முன்னின்று 1801-இல் தூக்கிலிடப்பட்ட கோபால நாயக்கரின் ஊர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

5. கொடைக்கானல்: வழிகளின்மேல் எழுந்த நகர்

வார்டின் வருகைக்குப் பின் 1834-இல் மதுரைத் துணை ஆட்சியர் ராட்டன் முதலியோர் மலையேறினர். 1836-இல் தாவரவியலாளர் இராபர்ட் வைட் இங்குத் தாவரங்களைச் சேகரித்தார். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்னும் இரு வீடுகளைக் கட்டினர். 1863-இல் ஆட்சியர் வெர் ஹென்றி லெவிஞ்சு சதுப்பு நில ஓடையைத் தடுத்து ஏரியை உருவாக்கினார். 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையின் கல்லூரி அமைந்தது. 1901-இல் சூரிய ஆய்வகம் நோக்குப் பணியைத் தொடங்கியது. அங்குதான் ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வளிமங்களின் கிடைநிலை ஓட்டத்தைக் கண்டறிந்தார்.

இந்நிரல் கொடைக்கானலின் மதிப்பிற்குரிய வரலாறே. ஆயின் இதன் ஒவ்வொரு படியும் முன்பிருந்த வழிகளையும் உழைப்பையும் சார்ந்தே நிகழ்ந்தது. 1875-இல் அம்மையநாயக்கனூர் வரை இருப்புப்பாதை வந்த பின்னரும், வாகனச் சாலை அமையும் வரை, பெரியகுளம் பக்கத்து அடிவாரமான கிருட்டிணம நாயக்கன் தோப்பிலிருந்து பயணிகள் குதிரையிலும் ஆள்தூக்கும் நாற்காலியிலும் ஏறினர். வீட்டுப் பொருள்களும் உணவும் தலைச்சுமையாகவே மேலே சென்றன. வத்தலக்குண்டு வழியான மலைச்சாலை முதல் உலகப்போர்க் காலத்தில் முழுமை பெற்ற பின்னரே நகரின் முகம் அத்திசைக்கு மாறியது. அம்மாற்றத்தால் வெள்ளகெவி போன்ற பழைய வழியூர்கள் ஒதுக்குப்புறம் ஆயின. 1821-இல் நகரின் வாயிலாக இருந்த ஊர், வாகனச் சாலை இல்லாத ஊராக நெடுங்காலம் நீடித்தது.

6. நினைவுச் சின்னப் பட்டியலும் விடுபாடும்

கொடைக்கானலின் வரலாற்று இடங்கள் என வழங்கும் பட்டியல்களில் ஏரி, கோக்கர்சு நடைபாதை, ஆய்வகம், 1936-இல் எழுந்த குறிஞ்சியாண்டவர் கோயில் ஆகியன இடம்பெறுகின்றன. கல்திட்டைகள் குறிக்கப்பட்டாலும் காட்சிப்பொருளாகவே குறிக்கப்படுகின்றன. மலையூர்கள் இயற்கைக் காட்சிக்காகச் சுட்டப்படுகின்றன. பழைய நடைவழிகள் மலையேற்றப் பொழுதுபோக்காகின்றன.

இவ்விடுபாடு எழுத்தளவில் நிற்பதில்லை. பட்டியலில் உள்ளதே பேணப்படும். காப்பித் தோட்டத்திலோ தனியார் நிலத்திலோ நிற்கும் கல்திட்டை, கட்டுமானக் கல்லுக்காகவோ புதையல் நம்பிக்கையாலோ பெயர்க்கப்படும்போது, அது எங்கு எவ்வாறு இருந்தது என்பதற்கான பதிவே இழப்பை அறிவதற்குரிய ஒரே வழியாகும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்கு முற்பட்ட 1928-ஆம் ஆண்டு நூல் அத்தகைய அடிப்படைப் பதிவாக அமைந்துள்ளது. அதில் குறிக்கப்பட்ட இடங்களை மீண்டும் கள ஆய்வு செய்து, புவியிடக் குறிப்புகளோடு இன்றைய நிலையை ஒப்பிடுவது உடனடித் தேவையாகும். அவ்வாய்வில் கல்திட்டையை மட்டும் அளவிடாமல், அது நோக்கும் வழியையும் அடுத்துள்ள ஊரையும் ஊரார் வழங்கும் இடப்பெயர்களையும் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். பாசிமேடு என்னும் பெயர் பொருந்தலில் ஆய்வுக்குத் துணை நின்றது போல, மலையூர் இடப்பெயர்களும் துணை நிற்கும்.

முடிவுரை

பழனிமலையின் வரலாற்றுத் தடங்களை வழிகளின் அடிப்படையில் நோக்கும்போது பின்வருவன பெறப்படுகின்றன.

1. பொதினியின் கைவினையும் பொருந்தலின் மணித்தொழிலும் மலையடிவாரத்தின் தொன்மையான தொழில் மரபை இலக்கியத்தாலும் அகழாய்வாலும் உறுதிப்படுத்துகின்றன.

2. கீழ்மலைக் கல்திட்டைகள் சமவெளியோடு தொடர்புடைய மக்களின் சின்னங்கள். அவற்றின் காலம் கள ஆய்வால் துணியப்பட வேண்டியது.

3. பூம்பாறை, தாண்டிக்குடி ஆகியவற்றின் கோயில் மரபுகளும் மலைவாழை போன்ற விளைபொருள்களும் மலைக்கும் பழனிக்கும் இடையிலான தொடர்பைக் காத்து வந்துள்ளன.

4. கொடைக்கானல் வெற்றிடத்தில் தோன்றியதன்று. அதன் முதல் நிகழ்ச்சியே வெள்ளகெவி என்னும் முன்னிருந்த ஊரின் வழியாக நடைபெற்றது.

கொடைக்கானலின் வரலாற்றை எழுதுவோர் 1821-ஆம் ஆண்டை விட்டுவிட வேண்டியதில்லை. வார்டு ஏறி நின்ற மேட்டுநிலத்தோடு, அவர் புறப்பட்ட ஊரையும் சேர்த்து எழுதினால் போதும். அவ்வூரிலிருந்து முன்னும் பின்னும் செல்லும் வழிகள் எஞ்சியவற்றைக் காட்டும்.